"வேண்டாம்" என்று சொல்வதும் நோயா?

ஒரு பெண்ணுக்கு மனநோய் என்று ஒருமுறை பெயர் சூட்டிவிட்டால், அதன்பின் அவள் சொல்லை யாரும் பொருட்படுத்துவதில்லை. மருந்தை விழுங்கினால் "சுகமாகி வருகிறாள்" என்கிறோம். "வேண்டாம்" என்றால் அந்த மறுப்பையே நோயின் அறிகுறி என்கிறோம். கட்டாயமாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட ஒருவருக்கு, அவர் விரும்பாத மருந்தைக் கொடுக்கலாமா? அதைத் தீர்மானிப்பவர் யார்? இக்கேள்விக்கு ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஒரு பெண்ணின் வழக்கு தெளிவான பதிலைத் தந்தது. அதை நம் வாசகியர் அறிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஃபெயித் மயர்ஸ் வழக்கு

ஃபெயித் மயர்ஸ் இருபது வருடங்களுக்கும் மேலாக மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தவர். மருந்துகளே தன் நிலையை மோசமாக்குகின்றன என்ற முடிவுக்கு வந்து, 2001இல் அவற்றை நிறுத்தினார். 2003இல் அவர் அம்மாநிலத்தின் அரச உளநோய் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அவரது சம்மதமின்றி மருந்து கொடுக்க வைத்தியசாலை நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரியது.

மருந்தின் நன்மை தீமை பற்றி நிபுணர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு இருப்பதை முதலில் விசாரித்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும், நோயாளிக்குத் தீர்மானிக்கும் ஆற்றல் உண்டா என்பதை மட்டுமே சட்டம் பார்க்கச் சொல்கிறது என்று கூறி அனுமதி வழங்கியது. மயர்ஸ் மேன்முறையீடு செய்தார்.

2006இல் அலாஸ்கா உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. உயிராபத்து போன்ற அவசர நிலை இல்லாதபோது, ஆற்றல் இல்லை என்பது மட்டும் போதாது. அந்த மருந்து நோயாளியின் நலனுக்கு உகந்தது என்பதும், அதைவிடக் குறைந்த தலையீடு கொண்ட வேறு வழி இல்லை என்பதும் தெளிவான, நம்பத்தக்க சான்றுகளால் நிரூபிக்கப்பட வேண்டும். இதைத் தீர்மானிக்க வேண்டியது வைத்தியரல்ல, நீதிமன்றமே. மாநில அரசியலமைப்பு உறுதிப்படுத்தும் சுதந்திரமும் அந்தரங்க உரிமையும் இதற்கு அடிப்படையாயின.

தீர்ப்பு வரும்போது மயர்ஸ் வைத்தியசாலையை விட்டு வெளியேறியிருந்தார். ஆனாலும் பொதுநலன் கருதி நீதிமன்றம் வழக்கைத் தீர்மானித்தது. இதற்கு முன்னரே, 1986இல், நியூயோர்க்கின் அதியுயர் நீதிமன்றமும் ரிவேர்ஸ் வழக்கில் இதையொத்த நிலைப்பாட்டை எடுத்திருந்தது. வைத்தியசாலையில் தடுத்து வைக்கப்பட்டிருப்பதால் மட்டும் ஒருவர் மருந்தை மறுக்கும் உரிமையை இழப்பதில்லை என்பதே அதன் சாரம்.

நமக்கு என்ன?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நீண்டகால உளநலப் பாதிப்புள்ளவர்களையும் அது உள்ளடக்குகிறது. அதன் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமமான தகுதியைப் பற்றியும், 25ஆம் உறுப்புரை விளக்கமளித்துப் பெறும் சுயமான சம்மதத்தின் பேரில் சிகிச்சை அளிப்பதைப் பற்றியும் பேசுகின்றன.

ஆகவே நோயாளியோ உறவினரோ வைத்தியரிடம் கேட்கத் தயங்கக் கூடாதவை சில உள்ளன:

• என்ன நோய் என்று கருதுகிறீர்கள்? இந்த மருந்து எதற்காக, எவ்வளவு, எத்தனை நாளைக்கு?
• நடுக்கம், உடற்பருமன், தூக்க மயக்கம் போன்ற பக்க விளைவுகள் வருமா? வந்தால் என்ன செய்வது?
• வேறு மருந்தோ, மருந்தில்லாத வழியோ உண்டா?
• முன்பு இதே மருந்தால் ஏற்பட்ட தொல்லையைக் குறிப்பேட்டில் பதிவீர்களா?

நலமாயிருக்கும் நாட்களில் தன் விருப்பத்தை எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பதும் நன்று.

மருந்து கூடாது என்று நான் சொல்லவில்லை. பலருக்கு அது வாழ்வை மீட்டுத் தந்திருக்கிறது. சாப்பிட்டு வரும் மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. வைத்தியருடன் பேசியே எதையும் செய்ய வேண்டும். நான் வேண்டுவது ஒன்றுதான். நம் வீட்டில் ஒரு பெண் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு "வேண்டாம்" என்றால், அதட்டுவதற்கு முன் "ஏன்?" என்று கேட்போம். அவளது உரிமை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.