பட்டாசுக்கு யார் காவல்?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எங்கள் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் அறையில் ஒரு யுத்தம் மூண்டுவிடும். ஒரு கட்சியார், "வருஷத்துக்கு ஒரு நாள் குழந்தைகள் பட்டாசு கொளுத்துவதற்குக்கூட சர்க்கார் மணி குறித்துக் கொடுக்க வேண்டுமா?" என்பார்கள். எதிர்க்கட்சியார், "காசைக் கரியாக்குவது போதாதென்று காதையும் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? அடியோடு நிறுத்திவிட வேண்டியதுதான்!" என்பார்கள். வகுப்பு மணி அடிக்கும் வரையில் சண்டை ஓயாது. சில வருஷங்களாக நான் இந்த யுத்தத்தில் எந்தக் கட்சியிலும் சேருவதில்லை. அதற்குக் காரணம் ஒரு பையன்.

நான் எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் போதித்த பிள்ளைகளில் அவன் கெட்டிக்காரன். வெடி எப்படி வெடிக்கிறது என்று கேட்டால் மளமளவென்று ஒப்புவிப்பான்: வெடியுப்பு பிராணவாயுவைக் கொடுக்கிறது; கந்தகமும் கரித்தூளும் எரிகின்றன; அவ்விதம் எரிந்து உண்டான வாயு, காகிதச் சுருளுக்குள் இடம் போதாமல் அதைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அந்த வருஷம் தீபாவளி விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது அவனைக் காணோம். திரி எரிந்தும் வெடிக்காத ஒரு வெடியைக் குனிந்து பார்த்தானாம். மூன்று வாரத்துக்குப் பிறகு வலக்கண்ணில் கட்டுடன் வந்தான். அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவே இல்லை.

வெடி வெடிப்பதன் தத்துவத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். வெடிக்காத வெடியின் அருகில் போகக்கூடாது என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீக்ஷையில் அந்தக் கேள்வி வருவதில்லை அல்லவா?

சட்டம் இந்த விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெஸிபலுக்கு மேல் சத்தமிடும் வெடிகளைச் செய்யவோ விற்கவோ கூடாதென்று 1999இல் விதி வந்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையில் வெடிச் சத்தம் கூடாதென்று 2005இல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. 2015இல் தில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பேரால், அவர்களுடைய தகப்பனார்கள் அதே கோர்ட்டில் ஒரு மனுப் போட்டார்கள். நல்ல காற்றைச் சுவாசிக்கும் உரிமை எங்களுக்கு உண்டா, இல்லையா என்பதே பேசத் தெரியாத அந்தக் குழந்தைகளின் கேள்வி. அதிலிருந்து பிறந்ததுதான் 2018 அக்டோபர் 23ஆம் தேதித் தீர்ப்பு. சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை. புகை குறைந்த பட்டாசுக்கு மட்டும் அனுமதி. தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரையில் கொளுத்தலாம்.

விடியற்காலையில் எண்ணெய் ஸ்நானம் செய்து, புதுத்துணி உடுத்தி, உடனே வாசலுக்கு ஓடும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த நேரம் எப்படிப் பொருந்தும்? தமிழ்நாட்டு சர்க்கார் முறையிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் மாற்றிக்கொள்ளலாம் என்று கோர்ட்டும் இசைந்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற ஏற்பாடு இவ்விதம் வந்ததுதான்.

"அப்படியானால் சிவகாசி என்ன ஆவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழை குறைந்த அந்தப் பூமியிலிருந்து 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழில் பழகிக்கொண்டு திரும்பினார்கள். அந்தத் தொழிலைத் தொடர்ந்து பட்டாசும் வந்தது. இன்று ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசுச் சாலை தீப்பற்றி முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதையும் மறப்பதற்கில்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று லைசென்ஸ் இல்லாத வெடியை நாம் வாங்கும்போது, எந்த விதிக்கும் கட்டுப்படாத ஒரு கொட்டகையில் யாரோ ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்து மருந்து திணிப்பதற்குக் கூலி கொடுக்கிறோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று பாக்கி இருக்கிறது. சட்டத்துக்கு மணி பார்க்கத் தெரியும். குழந்தை வெடியின்மேல் குனிகிறதா என்று பார்க்கத் தெரியாது. அதை வீட்டுப் பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும். கொதிக்கும் நீரின் உஷ்ணம் 100 டிகிரி. குழந்தைக் கையில் நாம் சிரித்துக்கொண்டே கொடுக்கும் கம்பி மத்தாப்பின் நுனி 1,000 டிகிரிக்கும் மேல். எரிந்து தீர்ந்த கம்பியை உடனே தண்ணீர் வாளியில் போடாவிட்டால் யாராவது வெறுங்காலால் மிதிப்பார்கள். வெடிக்காத வெடியை மறுபடி பற்றவைக்காமல், நெடுநேரம் விட்டுவைத்துத் தூரத்திலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பட்டும் நைலானும் வேண்டாம். உடலோடு ஒட்டிய பருத்தி ஆடை நலம். சுட்டுவிட்டால் மையும் மாவும் பற்பசையும் தடவாமல், இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், அழுத்தாமல் உடனே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

கட்டுப்பாடு என்றால் பண்டிகை களையிழந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் சிவகங்கை ஜில்லாவில் கொள்ளுக்குடிப்பட்டியைப் போய்ப் பார்க்கலாம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கிராமம் அது. தீபாவளி சமயத்தில் கண்மாய் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் வந்து தங்குகின்றன. அவை மிரண்டு பறந்துவிடக் கூடாதென்று ஊரார் பல ஆண்டுகளாக வெடியே வெடிப்பதில்லை. எந்தக் கோர்ட்டும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. காட்டிலாகாவினர் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தன்னைத் தானே ஆளுவதுதான் சுயராஜ்யம் என்றால், அந்தச் சிறு கிராமம் அதை நமக்கு முன்பே அடைந்துவிட்டது.

என் பழைய மாணவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். சென்ற தீபாவளிக்கு எங்கள் தெருவுக்கு வந்திருந்தான். பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் வைத்த வெடி புஸ்ஸென்று புகைந்து அடங்கிவிட்டது. என்ன ஆயிற்றென்று பார்க்க நான் என்னையறியாமல் இரண்டு அடி முன்னே வைத்தேன். பின்னாலிருந்து என் தோளை ஒரு கை பற்றி நிறுத்தியது.

"ஸார், தள்ளி நில்லுங்கள்" என்றான் அவன்.