சலரோகமும் விழுங்கற் சிரமமும்

எமது வகுப்பு மாணவி ஒருத்தி தன் அம்மம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளராக வைத்தியரிடம் சென்றாள். "சாப்பாடு நெஞ்சுக்குள்ளே அடைக்குது பிள்ளை" என்று அம்மம்மா கூறியதை அவள் தொண்டை நோவு என மொழிபெயர்த்துவிட்டாள். வைத்தியரும் தொண்டையைப் பார்த்து, மருந்தெழுதி அனுப்பிவிட்டார். பிழை பிள்ளையுடையதன்று; அச்சொற்களை நாம் அவளுக்குக் கற்பிக்கவில்லை. அதன்பொருட்டே இதனை எழுதுகின்றேன்.

அம்மம்மாவுக்கு நெடுங்காலமாகச் சலரோகம். நீரிழிவு என்பதும் இதுவே. பிறம்ரனில் இந்நோய் ஒன்ராறியோ மாகாணச் சராசரியிலும் மிகுதி. தென்னாசியரான எமக்கு இது இளவயதிலேயே, உடல் பருக்காதபோதும் வரக்கூடும்.

நாம் உண்ணும் கவளம் தானாக வயிற்றில் விழுவதில்லை. நாக்கு அதனைப் பின்னே தள்ள, மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்ள, ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான களத்தின் தசைகள் அலையலையாய்ச் சுருங்கி அதனை இரைப்பையுள் இறக்குகின்றன. தலைகீழாக நின்று நீரருந்தினும் அது இரைப்பையைச் சேர்வது இவ்வலைகளாலேயே. (மாணவர்கள் வீட்டிற் பரீட்சித்துப் பார்க்க வேண்டா!) இவ்வேலையைப் பெரிதும் நடத்துவது மூளையிலிருந்து வயிறுவரை செல்லும் வேகசு நரம்பு. குருதியில் வெல்லம் பல்லாண்டு மிகுந்திருப்பின் இந்நரம்பும் நலிவடையும். சலரோகத்தாற் கால் விறைப்பதைப் பலர் அறிவர். களமும் தளரும் என்பதை அறிந்தோர் சிலரே. அலைகள் தளர்ந்தால் சோறும் புட்டும் நெஞ்சில் தங்கும். இரைப்பை மந்தமாகி அமிலம் மேலெழுந்து களத்தைப் புண்ணாக்குவதும், வாய் உலர்வதும், களத்திற் பங்கசு வளர்வதும் உண்டு. புற்றுநோய் முதலிய வேறு காரணங்களும் இருக்கக்கூடுமாதலால் "எல்லாம் சீனி வருத்தந்தான்" என்று வாளாவிருத்தல் தகாது.

இன்சுலின் எமது அயலிலே, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், 1921 இல் பான்ரிங், பெஸ்ற் என்போரின் ஆய்வினாற் கிடைத்த மருந்து. 1922 ஜனவரியில் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது. அது புரதமாகையால் விழுங்கினாற் செரித்துவிடும்; ஊசியாகவே ஏற்றல் வேண்டும். இங்கேதான் ஆபத்து. உணவு இறங்காதவருக்கும் ஊசி இறங்கிவிடுகின்றது. வெல்லம் அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரலாம். உணவு குறைந்த நாளில் ஊசியின் அளவு யாதென வைத்தியரிடம் முன்னரே கேட்டுவைக்க. மயங்கியவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. 911 ஐ அழைக்க. திடீரென விழுங்க முடியாது வாய் கோணினாலும் அவ்வாறே செய்க, அது பாரிசவாதமாகலாம்.

குளிசையை இடித்துக் கொடுப்பதும் எம்மவர் வழக்கம். சில குளிசைகளை இடிக்கவே கூடாது, மருந்தாளரைக் கேட்டறிக.

அம்மாணவி இரண்டாம் முறை சென்றபோது ஒரு தாளில் இரு மொழியிலும் எழுதிக்கொண்டு போனாள்: சோறு மட்டுமா, தண்ணீருமா அடைக்கின்றது? புரையேறுகின்றதா? எத்தனை மாதமாக? உடல் மெலிந்ததா? சலரோகம் எத்தனை ஆண்டு? வைத்தியர் தாளை வாங்கி வாசித்து மேற்சோதனைக்கு நாள் குறித்தார். கடைசிக் கேள்விக்கு விடை 22 ஆண்டுகள். பேர்த்தியும் அதனை அன்றுதான் அறிந்தாளாம்.