பசியிருந்த விஞ்ஞானிகள்

அணுக்குண்டைக் கிடங்கில் வைத்துக் காவலிடலாம். அதனை ஆக்கும் அறிவையோ மனிதன் தன்னோடு கொண்டு செல்கிறான். 1991ஆம் ஆண்டின் இறுதியிலே சோவியத் ஒன்றியம் சிதறியபோது உலக அரசுகளைக் கலங்கச் செய்தது இவ்வுண்மையே.

ஊரல் மலைப் பிரதேசத்திலே செலியாபின்ஸ்க்-70 என்றொரு நகர் இருந்தது. அக்காலத் தேசப்படங்களில் அதன் பெயரைக் காணமுடியவில்லை. அணுவாயுதங்களை வகுத்த விஞ்ஞானிகள் அங்கே குடும்பங்களோடு வாழ்ந்தனர். ஒருகாலத்தில் அரசு அவர்களைச் சீராட்டியது. ஒன்றியம் வீழ்ந்தபின் சம்பளம் மாதக்கணக்கில் தாமதித்தது. விலைவாசியோ நாளுக்குநாள் ஏறியது.

இந்நிலையில் அயல்நாட்டார் பெரும்பொருள் தருவதாக அழைத்தால், பிள்ளைகளின் பசியைக் காணும் தந்தை என்ன செய்வான்? 1992ஆம் ஆண்டில் வடகொரியாவுக்குப் புறப்பட்ட ஏவுகணை வல்லுநர் குழுவொன்றை, அவர்தம் மனைவி மக்களோடு, மொஸ்கோ விமான நிலையத்திலே ருஷ்ய அதிகாரிகள் தடுத்து நிறுத்தினர்.

தடுத்தல் மட்டும் பசியைத் தீர்க்காது. ஆதலால் அமெரிக்கா, ஐரோப்பிய சமூகம், யப்பான், ருஷ்யா ஆகியன 1992 நவம்பரில் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி 1994 மார்ச்சில் சர்வதேச விஞ்ஞான தொழில்நுட்ப நிலையம் மொஸ்கோவிலே பணி தொடங்கிற்று. ஆயுத விஞ்ஞானிகள் நோய்த் தடுப்பு, அணுவுலைப் பாதுகாப்பு, சுற்றாடல் முதலிய துறைகளில் ஆராய்ச்சித் திட்டங்களை அனுப்பினர். திட்டம் ஏற்கப்பட்டால் ஊதியம் இடையில் எவர் கையும் படாமல் விஞ்ஞானியின் வங்கிக் கணக்குக்கே சென்றது. அதற்கு வரியும் இல்லை. ஊதியம் பெற்றுக்கொண்டே சிலர் ஆயுத வேலையையும் தொடர்ந்தனர் எனக் குறைகூறியோரும் உளர்.

அவ்வுதவியும் எல்லார் துயரையும் போக்கவில்லை. முன்னர் நாம் கூறிய நகரின் அணு நிலையத்துக்குத் தலைவராயிருந்த விளாதிமிர் நெச்சாய், ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றி மனமுடைந்து, 1996 ஒக்டோபர் 30ஆம் நாள் தம் அலுவலகத்திலேயே உயிர் துறந்தார்.

2015ஆம் ஆண்டில் ருஷ்யா விலகியது. நிலையம் கசகஸ்தானின் அஸ்தானாவுக்கு இடம்பெயர்ந்தது. எனினும் நாம் மறக்கலாகாதது ஒன்றுண்டு. வறுமை வாட்டிய அவ்வாண்டுகளிலும் அவ்விஞ்ஞானிகளுள் மிகப் பெரும்பாலோர் தம் அறிவை விலைபேசவில்லை. உலகம் அவர்களுக்குச் செய்த உதவியினும் அவர்கள் உலகத்துக்குச் செய்த உதவி பெரிது.