கட்டிலுக்கு அடியில் மூணு வாரம்

இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். போன வாரம் ஒருத்தங்க அனுப்பியிருந்தாங்க. பூனை ஒண்ணைத் தத்தெடுத்து அஞ்சு நாள் ஆகுது, இன்னும் பீரோவுக்குப் பின்னாடியிருந்து வெளியே வரவே இல்லை. கடைசியில் கேட்டாங்க: "அதுக்கு என்னைப் பிடிக்கலையா?"

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஏன்னா, இதே கேள்வியை நான் என் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் ஒரு துண்டு மீனோட, கட்டிலுக்கு அடியில் பார்த்துக் கேட்டிருக்கேன். அதனால் இன்னிக்கு மிளகு கதை. அதோட, மீட்கப்பட்ட பூனை ஒண்ணு புது வீட்டில் செட்டில் ஆகறதுக்கு என்னவெல்லாம் தேவை என்பதும்.

முதல் நாள் செய்த எல்லா தப்பும்

மிளகு முழுக்கக் கறுப்பு. வயசு ரெண்டு இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவளை ஃபாஸ்டர் பண்ணிக்கொண்டிருந்த அக்கா சொன்ன கதை இது: ஒரு குடும்பம் வீடு காலி பண்ணிட்டுப் போகும்போது சாமான் எல்லாத்தையும் ஏத்தினாங்க, பூனையை ஏத்தலை. அது தினமும் அந்தப் பூட்டின கேட் முன்னாடி வந்து உட்கார்ந்துகொண்டே இருந்திருக்கு. அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லி, அக்கா போய் எடுத்து வந்தாங்க.

இதைக் கேட்டு நான் என்ன நினைச்சேன் தெரியுமா? "ஏற்கெனவே வீட்டில் வளர்ந்த பூனை, ஈஸியா பழகிடும். நான் அன்பு காட்டினா அது எல்லாத்தையும் மறந்துடும்." சினிமா நிறைய பார்த்ததன் விளைவு.

சனிக்கிழமை சாயங்காலம் வேளச்சேரியில் என் ஒன் பிஹெச்கே வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஹால் நடுவில் கேரியரைத் திறந்தேன். மூணு நண்பர்கள் வந்திருந்தாங்க, மூணு பேர் கையிலும் ஃபோன், மேலே ஃபேன் ஃபுல் ஸ்பீடு. ஒரு கறுப்புக் கோடு மாதிரி ஏதோ தரையில் ஓடியது. அவ்வளவுதான். அடுத்த மூணு வாரம் மிளகின் முகவரி, என் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாக இருந்த அந்த மூலை.

மறுநாள் காலை இன்னும் பெரிய தப்பு ஒண்ணு செய்தேன். "பாவம், இருட்டில் பயந்து கிடக்குதே" என்று கையை உள்ளே விட்டு இழுத்தேன். மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல், ரத்தம். தப்பு முழுக்க என்மேல்தான்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விஷயம். பூனை கீறினாலோ கடித்தாலோ "சின்னதுதானே" என்று விடாதீங்க. உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். அப்புறம் அன்னிக்கே மருத்துவமனைக்குப் போகணும். ரேபிஸ் நாயால் மட்டும் வரும் நோய் இல்லை. தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கும். மிளகுக்கு ஊசி போட்டிருந்தும் நான் போனேன், எத்தனை டோஸ் என்பதை டாக்டர் முடிவு செய்தார்.

ஒளிஞ்சுக்கறது பிரச்சினை இல்லை

நாம் ஒளிவதைக் கோபமாகவோ வெறுப்பாகவோ பார்க்கிறோம். பூனைக்கு ஒளிவது ஒரு வேலை. பூனை வேட்டையாடும் விலங்குதான், ஆனால் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு அதுவும் இரைதான். புது இடம், புது வாசனை, புதுச் சத்தம் என்றால் முதலில் அது தேடுவது மூணு பக்கம் மூடிய, ஒரு பக்கம் பார்க்க முடிகிற இடம். அங்கிருந்துதான் வீட்டைப் படிக்கும்: எத்தனை மணிக்குக் கதவு திறக்குது, யார் கால் சத்தம் இது, குக்கர் விசில் எத்தனை.

நெதர்லாந்தில் ஒரு பூனைக் காப்பகத்தில் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிய ஒரு பெட்டி கொடுத்தாங்க. பெட்டி கிடைத்த பூனைகள்தான் முதல் சில நாட்களிலேயே பதற்றம் குறைந்து அமைதியாயின. ஆக, ஒளிய இடம் கொடுத்தால் பூனை சீக்கிரம் பழகும். நான் செய்தது நேர் எதிர். இருந்த ஒரே இடத்துக்குள்ளும் கையை விட்டேன்.

இதுக்கு என்ன செய்யலாம்? வீடு முழுக்கத் திறந்து விடாதீங்க, முதலில் ஒரே ஒரு அறை போதும். அதில் ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணியும், எதிர் மூலையில் லிட்டர் தட்டு, நடுவில் எங்காவது கவிழ்த்துப் போட்ட அட்டைப்பெட்டி. டெலிவரி வந்த பெட்டியே போதும், வாசல் மாதிரி ஒரு ஓட்டை வெட்டிடுங்க. ஃபாஸ்டர் வீட்டில் அது படுத்த துணி ஏதாவது இருந்தால் துவைக்காமல் வாங்கி வந்து உள்ளே போடுங்க. பூனைக்கு வாசனைதான் அட்ரஸ் ப்ரூஃப்.

சாப்பிடலைன்னா மட்டும் காத்திருக்கக் கூடாது

பொறுமை, பொறுமை என்று சொன்னாலும் ஒரு விஷயத்தில் பொறுமை ஆபத்து. சனிக்கிழமை சாயங்காலம் வைத்த சாப்பாடு ஞாயிறு ராத்திரி வரை அப்படியே இருந்தது. "பசிச்சா தானா வரும்" என்று நினைத்தேன். நாய்க்குப் பெரும்பாலும் அது சரியாக இருக்கலாம். பூனைக்கு இல்லை.

பூனை தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால், உடம்பு சேமித்து வைத்த கொழுப்பைக் கல்லீரலுக்கு அனுப்பும். பூனையின் கல்லீரலால் அவ்வளவையும் சமாளிக்க முடியாது. கொழுப்பு அங்கேயே தேங்கி, சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டாக இருக்கும் பூனைகளுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் ஒரு முழு நாள் ஒண்ணுமே சாப்பிடவில்லை என்றால் கால்நடை மருத்துவருக்கு ஃபோன் பண்ணுங்க. ரெண்டாவது நாளும் அப்படியே என்றால் நேரில் போங்க. குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீங்க.

நான் அக்காவுக்கு ஃபோன் பண்ணேன். அவங்க கேட்ட முதல் கேள்வி: "தம்பி, என் வீட்டில் என்ன சாப்பிட்டுச்சுன்னு கேட்டீங்களா?" கேட்கலை. நானே விலை அதிகமான ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். அவங்க வீட்டில் அது சாப்பிட்டது உப்பு, மசாலா இல்லாமல் வேக வைத்த கோழியும் வேறொரு பிராண்டு உணவும். உடனே கோழி வேக வைத்து, வெதுவெதுப்பாக உள்ளே வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு ஹாலில் படுத்தேன். காலையில் பாதித் தட்டு காலி. அந்தப் பாதித் தட்டைப் பார்த்த சந்தோஷம், முதல் சம்பளம் வந்தப்போகூட வரலை.

ஒன்பதாம் நாள்

ஆறாவது நாள், மிளகு என் மெத்தையில் மூத்திரம் போனாள். எட்டாவது நாள் திரும்பவும். நான் மெத்தையை வெயிலில் போட்டு, தரை முழுக்க பினாயில் போட்டுத் துடைத்தேன். ராத்திரி மூணு மணிக்குக் கத்தல் வேறு. கீழ் வீட்டு ஆன்ட்டி லிஃப்டில் பார்த்து, "குழந்தை அழுதா தம்பி?" என்று கேட்டாங்க. ஒன்பதாம் நாள் தூக்கமே இல்லாமல் ஆபீஸ் போய், மதியம் அக்காவுக்கு ஒரு மெசேஜ் டைப் பண்ணேன்: "ஸாரிக்கா, என்னால முடியல. திருப்பிக் கொண்டு வந்து விட்டுடவா?"

அனுப்பியும் விட்டேன்.

அவங்க திட்டுவாங்க என்று நினைத்தேன். திட்டலை. "தாராளமா கொண்டு வாங்க, தப்பே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. லிட்டர் தட்டு எங்க இருக்கு?"

வாஷிங் மெஷின் பக்கத்தில் இருந்தது. பெட்ரூமையொட்டின பாத்ரூம் வாசலில், இடம் இல்லாததால் அங்கே வைத்திருந்தேன். நான் துணி துவைத்தது ஆறாம் நாளும் எட்டாம் நாளும். மெஷின் ஸ்பின் ஆகும்போது அந்த இடமே அதிரும். மிளகுக்கு அது பாத்ரூமுக்குள் லாரி வந்து நின்ற மாதிரி. பாதுகாப்பாகத் தெரிந்த ஒரே மெத்தான இடத்தைத் தேடிப் போயிருக்கு.

பினாயில் அதைவிடப் பெரிய தப்பு. நம்ம வீடுகளில் போடும் கறுப்பு பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகை ரசாயனங்களைப் பூனையின் கல்லீரலால் உடைக்க முடியாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பாராசிட்டமாலும் இதே கதைதான். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். "லேசா சூடா இருக்கே" என்று பாதி மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. மூத்திரக் கறைக்கு என்ஸைம் கிளீனர் பெட் ஷாப்பில் கிடைக்கும். அது அந்த வாசனையையே உடைக்கும். வாசனை மிச்சம் இருந்தால் பூனை அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

இன்னொன்று: பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து, மூத்திரம் வராமல் கத்தினால் அது பழக்கப் பிரச்சினை இல்லை. அடைப்பாக இருக்கலாம். ஆண் பூனைகளுக்கு இது அவசர நிலை, அந்த நிமிஷமே கிளம்புங்க.

தட்டை அறையின் இன்னொரு மூலைக்கு மாற்றினேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி கட்டிலோரமாக ஆட்டினேன், அப்புறம் சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, நக்கல், தூக்கம். பூனைக்கு இதுதான் வரிசை. ஒரு வாரத்தில் மூணு மணிக் கச்சேரி குறைந்தது.

அம்மா ஒண்ணுமே செய்யலை

மூணாவது வாரம் அம்மா ஊரிலிருந்து வந்தாங்க. வாசலிலேயே ஆரம்பித்தது: "கறுப்புப் பூனையாடா? உனக்கு வேற கலரே கிடைக்கலையா?" அப்புறம் ஒரு கிண்ணத்தில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு கிளம்பினாங்க. தடுத்தேன். பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் கிடைக்கணும், இல்லைன்னா நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலதுக்குப் பால் செரிக்காது. இதையெல்லாம் சொன்னேன். "எங்க காலத்துப் பூனையெல்லாம் எப்படி இருந்துச்சாம்?" என்றாங்க. எலி பிடிச்சுச்சும்மா!

அதோட அம்மா மிளகை மறந்துட்டாங்க. மதியம் பெட்ரூம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, ஃபோனில் பெரியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாங்க. நான் கதவருகே நின்றிருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து முதலில் மூக்கு வந்தது. அப்புறம் மீசை. ஒரு முழு நிமிஷம் கழித்து முழுப் பூனை. அம்மாவின் பாதத்தை முகர்ந்து, கன்னத்தை அதில் ஒரு தேய் தேய்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கு. தேய்ப்பது என்றால், "இது தெரிஞ்ச பொருள்" என்று முத்திரை குத்துவது.

மூணு வாரம் நான் தரையில் படுத்து, கண்ணைப் பார்த்து, பேரைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். அம்மா கீரை ஆய்ந்தாங்க.

பூனை உலகத்தில் கண்ணை நேராக, இமைக்காமல் பார்ப்பது மிரட்டல். 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தாங்க. கண்ணைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்து காட்டினால், பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கின. அப்படிச் செய்த அறிமுகமில்லாத ஆளிடமும் அதிகம் நெருங்கி வந்தன. அன்னிக்கு ராத்திரியிலிருந்து நானும் தரையில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்து, எப்போதாவது ஒரு தடவை மெதுவாகக் கண் சிமிட்டினேன். நாலாம் நாள் பதில் வந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில்

பூனை வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வாங்க: பயம் தெளிய மூணு நாள், பழக்கம் பிடிபட மூணு வாரம், வீடு என்று நம்ப மூணு மாசம். இது சட்டம் இல்லை. மிளகுக்கு முதல் கட்டத்துக்கே மூணு வாரம் ஆனது. அந்த நேரத்தில் பால்கனிக்குப் புறா வலையும் ஜன்னலுக்குக் கம்பி மெஷ்ஷும் போட்டு முடிச்சிடுங்க. "பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைச்சுடும்" என்பதை நம்பாதீங்க. 1987-ல் வெளியான ஒரு ஆய்வின்படி, நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து ஒரே மருத்துவமனைக்கு வந்த பூனைகள் அஞ்சு மாசத்தில் 132. பலதுக்கு நெஞ்சில் அடி, முகத்தில் காயம் இருந்தது.

இப்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்பியவங்களுக்கு. அஞ்சு நாளில் உங்களைப் பிடிக்குமா பிடிக்காதா என்றே அது இன்னும் யோசிக்க ஆரம்பிக்கலை. இந்த இடத்தில் உயிரோட இருக்க முடியுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கு. அது சாப்பிடுதா? தட்டில் போகுதா? ராத்திரி நீங்க தூங்கினதும் நடமாடுதா? மூணுக்கும் ஆமா என்றால், எல்லாம் சரியாகத்தான் போகுது. நிஜமாகவே முடியாமல் போனால் ஃபாஸ்டரிடமே திருப்பிக் கொடுங்க, அதில் அவமானம் இல்லை. தெருவில் மட்டும் விடாதீங்க. ஆனால் முடியலை என்று முடிவெடுக்கும் முன்னாடி, தட்டு எங்கே இருக்கு என்று ஒரு தடவை பாருங்க.

மிளகு வந்து இப்போது ஒன்றரை வருஷம். வீட்டை விட்டு நான் கிளம்பும்போது வாசலில் வந்து உட்கார்கிறாள். முன்னாடி ஒரு பூட்டின கேட் முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வரும். சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது, அதே இடத்தில் இருக்கிறாள். உள்ளே, கதவுக்கு இந்தப் பக்கம்.

உங்க வீட்டுப் பூனை எத்தனை நாள் ஒளிஞ்சிருந்துச்சு? வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.