1,200 பேரின் வேலையை மீட்ட டி-ஷர்ட் போராட்டம்!

உலக வறுமைக்கு எதிராகக் கல்லூரி மாணவர்கள் என்ன செய்துவிட முடியும்? நிதி திரட்டுவதைத் தாண்டியும் ஒரு வழி உண்டு என்று 2009-ல் காட்டினார்கள் அமெரிக்க மாணவர்கள்.

அங்கே பல்கலைக்கழகச் சின்னம் போட்ட டி-ஷர்ட்டுகள் பெரிய வியாபாரம். அவற்றைத் தயாரிக்கப் பல்கலைக்கழகத்திடம் உரிமம் வாங்க வேண்டும். அப்படி உரிமம் வாங்கியிருந்த ரஸ்ஸல் நிறுவனம், மத்திய அமெரிக்காவில் உள்ள ஏழை நாடான ஹோண்டுராஸில் இருந்த தன் ஆலையை மூடியது. தொழிலாளர்கள் சங்கம் அமைத்த கொஞ்ச காலத்திலேயே இது நடந்தது. சுமார் 1,200 பேருக்கு வேலை போனது.

மாணவர்கள் களமிறங்கினார்கள். ஹோண்டுராஸ் தொழிலாளர்களையே கல்லூரிகளுக்கு வரவழைத்துப் பேச வைத்தார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். 'ரஸ்ஸலின் உரிமத்தை ரத்து செய்யுங்கள்' என்று தங்கள் நிர்வாகத்தை நெருக்கினார்கள். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு உட்பட 90-க்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் உரிமத்தை ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன. நவம்பரில் ரஸ்ஸல் இறங்கிவந்தது. புதிய ஆலை திறந்து அவர்களுக்கே வேலை தரவும், சங்கத்தை ஏற்கவும் ஒப்புக்கொண்டது.

நீங்களும் செய்யலாம்!

* உங்கள் கல்லூரி டி-ஷர்ட்டை யார் தைக்கிறார்கள், என்ன சம்பளம் என்று விசாரியுங்கள்.

* தொழிலாளர்களிடமே பேசுங்கள். அவர்கள் கேட்பதுதான் உங்கள் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

* முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே கையெழுத்து திரட்டி மனு கொடுங்கள்.

* ஜூனியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் படிப்பு முடித்துப் போனாலும் கோரிக்கை நிற்கக் கூடாது.

உங்கள் கல்லூரி எந்த நிறுவனத்திடம் துணி வாங்குகிறது என்று தெரியுமா? முதல் கேள்வியை அங்கிருந்தே தொடங்குங்கள்!