மாமிக்கு வந்த நோயையும் சொல்லுங்கள்

மூதூரிலோ குச்சவெளியிலோ சுகவனிதையர் கிளினிக்கில் 'குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இருந்ததா?' என்று கேட்டால், தாய்வழியை மட்டும் எண்ணிப் பார்த்து 'இல்லை' என்று சொல்லிவிடுவது எளிது. தகப்பனின் சகோதரியான மாமியும் அப்பம்மாவும் கணக்கில் வராமல் போகிறார்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் உள்ள பழுதோ, தாயிடமிருந்து வருவது போலவே தகப்பனிடமிருந்தும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்போடு வரும். அது உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். 1996இல் தொடங்கிய இந்தக் கிளினிக்குகள் முக்கியமாக 35, 45 வயதுப் பெண்களை அழைக்கின்றன. மற்றவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. பழுது உள்ளவர்களுக்கு 35 பிந்திய வயது.

இளவயது மார்பகத்தில் இழைகள் அடர்த்தியானவை. மமோகிராம் படத்தில் அந்த இழையும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. நெதர்லாந்தில் ஆபத்து அதிகமுள்ள 1909 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், ஊடுருவும் புற்றுநோய்களில் நூற்றுக்கு 33ஐத்தான் மமோகிராம் காட்டியது. எம்ஆர்ஐ ஏறத்தாழ 80ஐக் காட்டியது. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சும் இல்லை. அதனால்தான் 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30க்குப் பிறகு மமோகிராமும் சேர்த்து என்று வழிகாட்டுகிறார்கள். எம்ஆர்ஐ வீண் பயத்தையும் கிளப்பும் என்பது உண்மை. தீங்கில்லாத கட்டிக்கும் ஊசி வைத்துத் திசு எடுக்க நேரும். அந்தச் சில நாள் கலக்கம் பெரிதுதான், ஆனால் முற்றிய பிறகு நோயைக் காண்பதோடு அதை ஒப்பிட முடியாது.

ஸ்கானுக்காகக் கொழும்பு போவதென்றால், திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கூலிக்குப் போகும் குடும்பம் ஆண்டுதோறும் எப்படி அலையும்? நியாயமான கேள்வி. ஆனால் எல்லாரும் அலையத் தேவையில்லை. நோய் வந்தவருக்கு முதலில் மரபணுப் பரிசோதனை செய்து பழுதைக் கண்டுவிட்டால், அதே பழுதுக்குப் பரிசோதித்து அது இல்லை என்று தெரிந்த தங்கைகளும் மகள்களும் இந்த விசேட ஸ்கான்களிலிருந்து விடுபடலாம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. அங்கே போவது பற்றித் திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரியிடமோ கேளுங்கள், கடிதம் கேட்பது உங்கள் உரிமை. கலியாணப் பேச்சு குழம்பும் என்று அஞ்சி மறைக்கிற பெற்றோரின் பயம் எனக்கு விளங்குகிறது. பரிசோதனையின் முடிவு அதைச் செய்துகொண்டவளுக்கே உரியது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் காட்டும் கடமை அவளுக்கு இல்லை. கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டால் மட்டும் எந்த ஸ்கான் திகதிக்கும் காத்திராமல் வைத்தியரிடம் போய்விடுங்கள். அடுத்த முறை போகுமுன் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வழி உறவுகளையும் எழுதுங்கள், ஆண்களையும் விடாமல், நோய் வந்த வயதோடு: மாமி, மார்பு, 41. அப்பம்மா, சூலகம், 52.