கோடை நேரமும் லினக்ஸ் கடிகாரமும்

2023 மார்ச் கடைசியில் லெபனானில் யாரிடமாவது மணி கேட்டிருந்தால், ‘யாருடைய மணி?’ என்ற எதிர்க்கேள்விதான் வந்திருக்கும். அந்த ஆண்டு மார்ச் 26 ஞாயிறு பிறந்ததும் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்திருக்க வேண்டும். கோடை நேரத்துக்கு மாறும் வழக்கம் அது. மூன்று நாள் முன்பு, ரமலான் நோன்பு முடியும்வரை இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுவதாகப் பிரதமர் நஜீப் மிகாத்தியின் அரசு அறிவித்தது. மரோனைட் திருச்சபை அதை ஏற்கவில்லை. சில தொலைக்காட்சி நிலையங்களும் ஞாயிறன்றே முள்ளை நகர்த்திவிட்டன. ஒரே தெருவில் இரண்டு நேரம்! 27ஆம் தேதி அரசு பின்வாங்கியது. 29ஆம் தேதி நள்ளிரவில்தான் நாடு முழுவதும் ஒரே மணிக்கு வந்தது.

இந்த இழுபறியில் கணினிகளும் சிக்கிக்கொண்டன. உலகின் நேர விதிகளைத் தொகுத்துவைக்கும் டிஇசட் தரவுத்தளத்தில், அரசின் அறிவிப்பை ஏற்று ‘2023பி’ பதிப்பு வெளியானது. அரசு மனம் மாறியதும் அதை ரத்துசெய்து ‘2023சி’ வந்தது. இடையே ஒரு வாரம்கூட இல்லை.

நேரத்தைக் காட்ட ஒரு கணினிக்கு எதற்குத் தரவுத்தளம்? லினக்ஸ் உள்ளுக்குள் மணியே பார்ப்பதில்லை. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு தொடங்கி எத்தனை நொடிகள் ஆயின என்று எண்ணிக்கொண்டே போகிறது. கோடை நேரம் வந்தாலும் போனாலும் அந்த எண்ணிக்கை குதிப்பதில்லை. நமக்கு மணியைக் காட்டும்போது மட்டும் ‘ஸோன்இன்ஃபோ’ என்ற கோப்புறையைப் பார்த்து, அந்த ஊருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. ஆசியா/பெய்ரூட், அமெரிக்கா/நியூயார்க் என ஊர்ப் பெயர்களில் அங்கே கோப்புகள் இருக்கும். நாட்டின் பெயரும் எல்லையும் மாறலாம், ஊர் அங்கேயேதான் இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய இந்தத் தொகுப்பை இன்று பால் எகர்ட் ஒருங்கிணைக்கிறார். உலகின் விமானங்களும் வங்கிகளும் நம்பியிருக்கும் ஒரு பஞ்சாங்கத்தைத் தன்னார்வலர்கள் சிலர் கூடிப் பராமரிக்கிறார்கள் என்பது வியப்புதான்.

பஞ்சாங்கம் பழசானால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 2007இல் பார்த்தது. கோடை நேரத்தின் தொடக்கத்தை ஏப்ரல் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு மாற்றும் சட்டம் அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. தரவைப் புதுப்பிக்காத கணினிகள் மார்ச் 11 முதல் மூன்று வாரம் ஒரு மணி நேரம் பின்தங்கிக் காட்டும் நிலை. இப்படிப்பட்ட சமயத்தில் கை பரபரக்கும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. திரையில் மணி சரியாகிவிடும், உள்ளே நொடிக் கணக்கு கெட்டுவிடும். அனுப்பும் மின்னஞ்சல் ஒரு மணி நேரம் எதிர்காலத்திலிருந்து வந்ததுபோல் பதிவாகும். ஏப்ரல் 1 அன்று பழைய விதியும் விழித்துக்கொண்டு இன்னொரு மணி நேரத்தைக் கூட்டும்.

சரியான வைத்தியம் எளிது. டிஇசட்டேட்டா என்ற தொகுப்பைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு டெர்மினலில் டைம், டேட், சிடிஎல் மூன்றையும் இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டினால் உள்ளூர் நேரம், உலகப் பொது நேரம், நேர மண்டலம், இணையத்தோடு நேரம் ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் வரிசையாக வரும். பொது நேரமே தப்பென்றால்தான் கடிகாரத்தில் கோளாறு. அது சரியாக இருந்து உள்ளூர் நேரம் மட்டும் தப்பென்றால் மண்டலத்தையோ விதித் தொகுப்பையோ பார்க்க வேண்டும்.

கோடை நேரமே இல்லாத இந்தியாவில் வரும் தொல்லை வேறு. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் மணி திடீரென ஐந்தரை மணி நேரம் விலகுவதைப் பார்த்திருப்பார்கள். மதர்போர்டில் பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் அதையே பொது நேரமாகப் படிக்கிறது. பொது நேரத்துக்கு விண்டோஸைப் பழக்குவதே நல்லது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றவும் வழியுண்டு, ஆனால் கோடை நேர நாடுகளில் அது வம்பு என்று மேலே சொன்ன டைம்டேட்சிடிஎல் கட்டளையே எச்சரிக்கும்.

டிஇசட் தரவுத்தளம் பழைய கணக்கையும் மறப்பதில்லை. 1996இல் மின்தட்டுப்பாட்டால் இலங்கை தன் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே வைத்து, அதே ஆண்டு அரை மணி குறைத்து, 2006 ஏப்ரலில் பழையபடி கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்ற நிலைக்குத் திரும்பிய கதை ஆசியா/கொழும்பு கோப்பில் இருக்கிறது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. ஆசியா/கொல்கத்தா கோப்பை ‘ஸீடம்ப்’ கட்டளையால் விரித்துப் பார்த்தால், 1906க்கு முன் புழங்கிய மெட்ராஸ் நேரம் கிடைக்கும்: கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னால்.